திபேரியஸ் கிராக்கஸ் கொலை: "அரசனாக முயன்றான்" என்பது மட்டும் போதுமா?

விவாதத்தில், பண்டைய ரோமில் ட்ரிப்யூனாக (மக்கள் தேர்ந்தெடுக்கும் அதிகாரி) இருந்து நில மசோதா கொண்டுவந்த திபேரியஸின் கொலையை நியாயப்படுத்தும் அணியில் பேசுகிறேன், "அரசனாக முயன்றான்" என்ற ஒரே வாதம் போதுமா என்று கேட்டிருக்கிறீர்கள். போதாது. எதிரணி கான்சல் (ரோமின் தலைமை ஆட்சி அதிகாரி) ஸ்கேவோலாவின் பெயரை எடுத்தாலே அது விழுந்துவிடும். கி.மு. 133இல் செனட் வற்புறுத்தியும், விசாரணை இல்லாமல் எந்தக் குடிமகனையும் கொல்ல மாட்டேன் என்று மறுத்தவர் அவர். பிறகுதான் தலைமைக் குரு நாசிகா செனட்டர்களைத் திரட்டிக்கொண்டு போனார். தடியாலும் உடைந்த பெஞ்சுக் கால்களாலும் அடித்தே கொன்றார்கள்; 300 பேருக்கு மேல் செத்தார்கள், உடல்களை டைபர் ஆற்றில் வீசினார்கள். இதை எந்தச் சட்டத்தாலும் மூடி மறைக்க முடியாது.

உங்களுக்குப் பலமான இடம் ஆக்டேவியஸ். நில மசோதாவைத் தடுத்த அந்தச் சக ட்ரிப்யூனை வாக்கெடுப்பு நடத்திப் பதவியிலிருந்து இறக்கினார் திபேரியஸ். ட்ரிப்யூன் பதவியின் புனிதத்தை முதலில் உடைத்தவரே அவர்தான் என்று அங்கே அழுத்துங்கள். பெர்கமம் நாட்டு அரசர் ரோமுக்கு எழுதிவைத்த சொத்தைக் கையாள முயன்றதும், மறுபடி தேர்தலில் நின்றதும் அதற்குத் துணை.

மசோதாவில் இருந்த 500 யூகெரா (ரோம நில அளவு) நில உச்சவரம்பைத் தொடவே வேண்டாம். கொலைக்குப் பிறகும் அந்தச் சட்டப்படி நிலத்தைப் பிரித்துக் கொடுக்கும் நில ஆணையம் வேலை செய்தது. அது எதிரணிக்குத்தான் உதவும். செனட்டின் அவசரத் தீர்மானத்தையும் இங்கே இழுக்காதீர்கள், அது கி.மு. 121இல் தம்பி காயஸுக்கு எதிராக வந்தது.