குப்பைக்குப் போன வழக்குத் தாளுக்கு இரகசியம் உண்டா?

கேள்வி: "என் சட்டத்தரணியின் கந்தோர் வாசலில், குப்பைப் பைக்குள் என் வழக்குத் தாள்கள் கிடந்தன. எதிராளி எடுத்தால் என் இரகசியம் போனதுதானா?"

மட்டக்களப்பில் லிகிதராக இருந்தவன் நான். சட்டப்படி போகவில்லை, நடைமுறையில் போகலாம்.

இலங்கையின் சான்றுக் கட்டளைச் சட்டம் 1895இல் வந்தது. நீங்கள் வெளிப்படையாகச் சம்மதித்தால் ஒழிய, தொழில் நிமித்தம் நீங்கள் சொன்னதைச் சட்டத்தரணி வெளியே சொல்லக்கூடாது என்கிறது அதன் 126ஆம் பிரிவு. வழக்கு முடிந்தாலும் அப்படித்தான். 127ஆம் பிரிவு லிகிதரின் வாயையும் கட்டுகிறது. இரகசியம் உங்களுடையது. கந்தோர்ப் பையன் கூடையைக் கொட்டினால் நீங்கள் சம்மதித்ததாக ஆகாது. (மோசடிக்கு யோசனை கேட்டுப் போயிருந்தால் இந்தப் பாதுகாப்பு கிடையாது.)

சரி, தாளைப் பொறுக்கிய மூன்றாம் ஆளை என்ன செய்வது? அங்கேதான் சிக்கல். நம் சட்டத்தில் விடை இல்லாத சான்றுக் கேள்விக்கு இங்கிலாந்துச் சட்டத்தைப் பார் என்கிறது 100ஆம் பிரிவு. அங்கே 1898இல் ஒரு தீர்ப்பு: எதிர்த்தரப்பின் கையில் சிக்கிய இரகசியத் தாள்களின் பிரதியைச் சான்றாகக் காட்டலாம். 1913இல் இன்னொன்று: அப்படிக் காட்டுமுன் முந்திக்கொண்டு தடைக்கட்டளை கேட்டால் தடுக்கலாம். ஆகவே இன்றைக்கே உங்கள் சட்டத்தரணியிடம் போங்கள், தவணை வரட்டும் என்று இருக்காதீர்கள்.

வீதியோரக் குப்பை பற்றிய அமெரிக்கத் தீர்ப்பை யாராவது காட்டினால் குழம்ப வேண்டாம். 1988இல் வந்த அது, பொலிஸார் ஆணையில்லாமல் குப்பைப் பையைக் கிளறலாமா என்பது பற்றியது, சட்டத்தரணியிடம் சொன்ன இரகசியம் பற்றியதல்ல.

எல்லாத் தாளுக்கும் பதறவும் தேவையில்லை. பதிந்த காணி உறுதிப் பத்திரத்தைக் காணிப் பதிவகத்தில் யாரும் தேடிப் பார்க்கலாம். "உண்மையில் நடந்தது என்னெண்டால் சேர்..." என்று நீங்கள் சொல்லச் சொல்ல எழுதிய தாள்தான் ஆபத்து.

அப்படி ஒன்று எனக்கே கிடைத்தது. ஓர் ஆடி அமாவாசை, மாமாங்கத் திருவிழாவில் கச்சான் வாங்கினேன். சுருளைப் பிரித்தால் தட்டச்சு செய்த வழக்குக் குறிப்பு, ஓரத்தில் நீல மையில், "தம்பிக்கும் பங்கு உண்டு, கேட்டால் மட்டும் சொல்லவும்." எங்கள் கந்தோர்த் தாள் இல்லை, ஆனாலும் கை கூசியது.

"இந்தப் பேப்பர் எங்க எடுத்தது, அக்கா?"

"கிலோக் கணக்கில வாங்கினது மனே. ஏன், கச்சான் சரியில்லையா?"

மிச்சத் தாள் கட்டையும் காசு கொடுத்து வாங்கினேன். தலைப்பில் பெயர் இருந்ததால் திங்கட்கிழமை அந்தச் சட்டத்தரணியிடமே கொண்டுபோய்க் கொடுத்தேன். அவர் ஒன்றும் பேசவில்லை. தாளில் ஒட்டியிருந்த உப்பைத் தட்டிவிட்டு, லாச்சிக்குள் வைத்துப் பூட்டினார்.