மூலையைக் காட்டச் சொல்லுங்கள்: பழைய கடல் வரைபடக் கேள்வி-பதில்

கேள்வி: கீழ்விளிம்பில் 1856 என்று அச்சாகியிருக்கும் அட்மிரல்டி சார்ட் (பிரிட்டிஷ் கடற்படைத் துறை வெளியிட்ட கடல் வரைபடம்). தென்னிந்தியாவும் லட்சத்தீவும் அடங்கியது. 45,000 ரூபாய் கேட்கிறார்கள். வாங்கலாமா? (தூத்துக்குடி)

பதில்: பொறுங்கள். 1856 என்பது அந்தச் சார்ட்டை முதலில் வெளியிட்ட வருஷம், உங்கள் தாள் அச்சான வருஷமல்ல. அச்சடிக்கும் செப்புத்தகட்டில் பழைய எண்ணைச் சுரண்டி, பின்பக்கம் தட்டிச் சமன்செய்து, புதிய ஆழத்தைப் பொறித்து, ஒரே தகட்டைப் பல பத்தாண்டுகள் ஓட்டினார்கள். வெளியீட்டு வரிக்கு அருகே பெரிய திருத்தங்களின் தேதிகள் இருக்கும். இடது கீழ்மூலையில் சிறு திருத்தங்களின் தேதிகள். அச்சானவற்றில் கடைசித் தேதி 1911 என்றால் தாள் அதற்கு முந்தியதாக இருக்க வழியில்லை. மையால் கையெழுத்தில் சேர்த்த தேதிகளைக் கணக்கில் எடுக்காதீர்கள், அவை அச்சான பிறகு எழுதியவை.

இன்னொரு சோதனை, கலங்கரை விளக்கங்கள். மினிக்காய் விளக்கு ஏற்றியது 1885-இல். உங்கள் '1856' சார்ட்டில் அது அச்சாகியிருந்தால் சோலி முடிந்தது.

இதெல்லாம் தெரிந்தே சில வியாபாரிகள் அந்த மூலையைப் படச்சட்டத்துக்குள் மறைக்கிறார்கள், இணையப் படத்தில் வெட்டிவிடுகிறார்கள். எனக்குத் தீராத வயிற்றெரிச்சல் இது. 1840 என்று நம்பி வாங்கிய ஒன்றைச் சட்டம் கழற்றியதும் 1902 என்று பார்த்த அனுபவம் எனக்கும் உண்டு. மூலையின் நெருக்கப் படம் தராதவரிடம் விலையே பேசாதீர்கள்.

கேள்வி: பூச்சி அரிக்காமலிருக்க லேமினேஷன் செய்துவிட்டேன். மதிப்பு கூடுமா? (காரைக்கால்)

பதில்: போச்சு.

கேள்வி: '1700, ஒரிஜினல் டச்சு' என்று இணையத்தில் வாங்கினேன். நண்பர் நகல் என்கிறார். விற்றவர் பதிலே தருவதில்லை. (மதுரை)

பதில்: தவறு உங்கள் மேல் இல்லை. பத்து மடங்கு லென்ஸில் கோடுகளைப் பாருங்கள். வண்ணப் புள்ளிக் கூட்டம் தெரிந்தால் இக்கால அச்சு. செப்புத்தகட்டு அச்சில் மை மேலெழும்பி விரலுக்குத் தட்டுப்படும், ஓரத்தில் தகடு அமுங்கிய தடமும் இருக்கும் (ஓரத்தை வெட்டியிருந்தால் இராது). தாளை வெளிச்சத்தில் பிடியுங்கள். உள்ளே வரிவரியான தடம் தெரியாவிட்டால் அது 1700-இன் தாள் அல்ல: வரியில்லாத தாள் ஐரோப்பிய அச்சுப் புத்தகத்தில் தலைகாட்டியது 1757-இல்தான்.

விளம்பரம், ரசீது, உரையாடல் எல்லாவற்றையும் சேமியுங்கள். எழுத்தில் பணம் திரும்பக் கேளுங்கள். மசியாவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915-க்கு அழையுங்கள். அதற்கும் அசையாவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். நீங்கள் வசிக்கும் ஊரிலேயே வழக்குப் போடலாம், கெடு 2 ஆண்டு.

கேள்வி: சிங்கப்பூர் அண்ணனுக்கு 1870-களில் அச்சான சார்ட்டைக் கூரியரில் அனுப்பலாமா? வாங்கியாயிற்று. (திருச்சி)

பதில்: வாங்குமுன் கேட்டிருக்க வேண்டிய கேள்வி. 1972-ஆம் ஆண்டுச் சட்டப்படி நூறு வயது தாண்டிய தொல்பொருளைத் தனியார் ஏற்றுமதி செய்ய முடியாது. இது அதில் சேருமா என்பதைத் தொல்லியல் துறைதான் சொல்ல வேண்டும். தொல்பொருள் அல்ல என்ற சான்றிதழ் கைக்கு வரும்வரை அனுப்பாதீர்கள்.

கேள்வி: எண்களுக்குப் பக்கத்தில் 'எஸ்', 'எம்' என்று ஆங்கில எழுத்துகள். அச்சுப்பிழையா? இந்தச் சார்ட்டை வைத்துப் படகு ஓட்டலாமா? (நாகை)

பதில்: பிழையல்ல. கடலின் ஆழம் பார்க்க, ஈயக்குண்டின் அடிக்குழியில் கொழுப்பு அடைத்துக் கயிற்றில் இறக்குவார்கள். தரையில் இருப்பது அதில் ஒட்டி வரும்: எஸ் மணல், எம் சேறு. எண்கள் ஆழத்தைக் குறிப்பவை, பெரும்பாலும் பாகக் கணக்கு. ஒரு பாகம் 6 அடி. ஆனால் குண்டு விழுந்த இடத்தின் ஆழம் மட்டுமே அது. இரண்டு எண்களுக்கு நடுவே பாறை இருந்திருந்தால் யாருக்கும் தெரிந்திராது. மணல்திட்டுகளும் அன்றிருந்த இடத்தில் இன்றில்லை. படகு ஓட்டக் கூடாது.