சேகா சிடி லிங்க்ஸ் கோல்ஃப்: மைதானம் வரைய ஏன் இவ்வளவு நேரம்?

சேகா சிடி என்ற பழைய வீடியோ கேம் பெட்டியில் லிங்க்ஸ் கோல்ஃப் ஆட்டம் மெதுவாக ஓடுகிறதே, டிஸ்க் கெட்டுவிட்டதா என்று கேட்டிருந்தீர்கள். டிஸ்க் கெட்டுப்போகவில்லை. ஒவ்வொரு அடிக்கும் பிறகு மைதானம் துண்டுதுண்டாக வரைந்து முடியக் காத்திருக்க வேண்டியிருக்கிறது என்கிறீர்கள். இந்த ஆட்டத்தின் இயல்பே அதுதான்.

1990-ல் ஆக்சஸ் சாஃப்ட்வேர் பிசிக்குச் செய்த மூல ஆட்டமே, பந்து விழுந்த இடத்திலிருந்து தெரியும் காட்சியை ஒவ்வொரு முறையும் புதிதாகக் கணக்கிட்டு வரையும். முதலில் தரை, அப்புறம் மரங்கள் ஒவ்வொன்றாக. சேகா சிடியின் 12.5 மெகாஹெர்ட்ஸ் சிப்புக்கு அது பெரிய சுமை. அந்த மரங்கள் முளைப்பதைப் பார்க்க எனக்கு இன்றும் பிடிக்கும்.

சந்தேகமிருந்தால் அதே பெட்டியில் ஒரு பாட்டு சிடியைப் போட்டுப் பாருங்கள். திக்காமல் ஓடினால் டிஸ்கைப் படிக்கும் லென்ஸ் பெரும்பாலும் சரியாகத்தான் இருக்கும்.

ஆனால் பாதி வரைந்து அப்படியே உறைந்து நின்றால் கதை வேறு. டிஸ்கின் அடிப்பக்கத்தை வெளிச்சத்தில் சாய்த்து, கீறல் இருக்கிறதா என்று பாருங்கள்.