சிங்கப்பூரில் வாங்கிய வரியில்லாக் கடைப் புட்டியைச் சேலம் வரை கைப்பையில் கொண்டுவரலாமா?

சிங்கப்பூரிலிருந்து சென்னை வழியாகக் சேலம் விமான நிலையம் உள்ள காமலாபுரத்தில் வந்திறங்கும் உறவினர், வரியில்லாக் கடையில் வாங்கிய மதுப்புட்டியைக் கைப்பையிலேயே வைத்திருக்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். சென்னை வரை வைத்திருக்கலாம். அதன்பின் விமான நிறுவனத்திடம் ஒப்படைக்கும் பெட்டியில் வைப்பதே நல்லது.

பன்னாட்டு விமானங்களில் கைப்பையில் கொண்டுசெல்லும் திரவம் ஒவ்வொரு கொள்கலனிலும் 100 மி.லி.க்கு மேற்படக் கூடாது என்னும் கட்டுப்பாடு, 2006இல் லண்டனில் திரவ வெடிபொருள் சதி அம்பலமானபின் பரவலாக நடைமுறைக்கு வந்தது. கடையில் முத்திரையிட்டுத் தரும் ஒளிபுகும் பை இதற்கு விலக்கு, ரசீது உள்ளே தெரிய வேண்டும், பயணம் முடியும்வரை பிரிக்கக் கூடாது.

சேலம் உள்நாட்டு விமான நிலையம் என்பதால் சுங்கச் சோதனை சென்னையிலேயே முடிந்துவிடும். அங்கே பெட்டிகளைப் பெற்று மீண்டும் ஒப்படைக்கும் இடைவெளியில் புட்டியைத் துணிகளுக்கிடையே வைத்துவிட்டால், அடுத்த பாதுகாப்புச் சோதனையில் வாதாட வேண்டியிராது. ஒருவருக்கு வரியின்றி அனுமதிக்கப்படும் மது இரண்டு லிட்டர். கடைக்காரர் எவ்வளவு விற்றாலும் மிகுதிக்குச் சுங்கவரி உண்டு. எழுபது விழுக்காட்டுக்கு மேல் ஆல்கஹால் உள்ளதைப் பெட்டியிலும் வைக்க இயலாது.