எலக்ட்ரானிக் டார்கெட்: கேள்வி-பதில்

கே: எங்கள் சிறிய கிளப்புக்குத் திறந்த சட்டமா, ரப்பர் முகப்பு போட்ட மூடிய டார்கெட்டா?

ப: கையில் பணம் குறைவென்றால் திறந்த சட்டம். குண்டின் ஒலி வந்துசேரும் நேரத்தை வைத்து அது பட்ட இடத்தைத் திரையில் காட்ட மூலைகளில் மைக்குகள், வேலை முடிந்ததும் காரில் ஏற்றிக்கொண்டு போய்விடலாம். குறுக்குக்காற்று குண்டின் அதிர்வலையையும் கொஞ்சம் தள்ளும் என்பது அதன் குறை. மூடிய டார்கெட்டின் ரப்பருக்குள் அந்தத் தொல்லை குறைவு, ரப்பர் மாற்றும் செலவு அதிகம். எதை வாங்கினாலும் பின்னால் வெள்ளைத் தாள் ஒட்டுங்கள்.

கே: 1000 கஜத்தில் என் .308 ரைஃபிளில் சுட்ட பத்தில் இரண்டு ஷாட் திரையில் வரவே இல்லை. டார்கெட் கோளாறுதானே?

ப: குண்டின் எடை எழுதவில்லை. குழல்வாய் வேகம் எழுதவில்லை. அன்று குளிரா வெயிலா என்றுகூட இல்லை. இதே கடிதம் எனக்குத் திரும்பத் திரும்ப வருகிறது, எல்லோரும் டார்கெட்டையே குறை சொல்கிறார்கள்.

திறந்த சட்டத்தின் மைக், குண்டு தாளைத் துளைக்கும் சத்தத்தைக் கேட்பதில்லை. ஒலியை விஞ்சி வரும் குண்டின் அதிர்வலையைத்தான் கேட்கிறது. ஒலியின் வேகம் நொடிக்குச் சுமார் 1,120 அடி. குண்டு அதற்குக் கீழே இறங்கிவிட்டால் அலையே இல்லை. நீளக் குழலில் 155 கிரெய்ன் (சுமார் 10 கிராம்) குண்டு 2,950 அடி வேகத்தில் கிளம்பினால் கவலையில்லை. பழைய 168 கிரெய்ன் மேட்ச் குண்டை 2,600-ல் அனுப்பினால் 1000 கஜத்தை நெருங்கும்போதே ஒலி வேகத்துக்கு வந்துவிடும். குளிர்ந்த காற்று அடர்த்தியானது, இன்னும் சீக்கிரம் இறங்கும். முதலில் வேகத்தை அளந்து பாருங்கள்.

டார்கெட்டின் கீழே உள்ள குழியில், அதை இறக்கிப் பார்க்க ஆள் இருந்தால் ஓட்டையைப் பார்த்து மதிப்பெண் கொடுத்திருப்பார் என்பதை ஒப்புக்கொள்கிறேன். எலக்ட்ரானிக்கின் உண்மையான குறை அதுதான். தளர்ந்த மைக் கேபிளும் ஷாட்டை விழுங்கும். அதனால்தான் தாள் ஒட்டச் சொல்கிறேன். தாளில் ஓட்டை இருந்தால் நடுவரிடம் காட்டுங்கள். இல்லையென்றால் பக்கத்து டார்கெட்டில் தேடுங்கள்.

கே: வெயில் ஏறியதும் ஓரத்து ஷாட்கள் பிசகுகின்றன. மையத்தில் சரியாக இருக்கிறது.

ப: வெப்ப உணரி நிழலில் இருக்கிறதா? ஒரு டிகிரிக்கு ஒலி வேகம் நொடிக்கு 0.6 மீட்டர் மாறும். 5 டிகிரி தப்பாகக் காட்டினால் மையத்தில் ஒன்றும் தெரியாது, அரை மீட்டர் தள்ளி 4, 5 மில்லிமீட்டர் பிசகும்.

கே: 6.5 ரைஃபிளுக்கு மாறினேன். டார்கெட்டில் .308 அளவையே விட்டுவிடலாமா?

ப: கூடாது. கோட்டைத் தொட்டால் மேல் மதிப்பெண் என்ற விதியில் குண்டின் விட்டமும் சேர்கிறது. .308 குண்டின் விட்டம் 7.8 மில்லிமீட்டர், 6.5 ரைஃபிள் குண்டினுடையது 6.7; ஒரு பக்கம் அரை மில்லிமீட்டர் வித்தியாசம். கோட்டோர ஷாட்டுக்கு அது போதும்.

கே: எஃப்-கிளாஸில் (ரைஃபிளைத் தாங்கியில் வைத்துச் சுடும் நெடுந்தூரப் போட்டி) சிலர் பத்து ஷாட்டையும் மளமளவென்று முடித்துவிடுகிறார்களே, நியாயமா?

ப: விதி அனுமதித்தால் நியாயம்தான், எனக்குப் பிடிக்கவில்லை. குழியில் ஆள் டார்கெட்டை இறக்கிக் குறியிட்டு ஏற்ற 10, 15 நொடி ஆகும். அதற்குள் காற்று மாறும், கொடியைப் படித்தே தீரவேண்டும். உடனுக்குடன் திரையில் தெரிந்தால் ஒரே காற்றில் எல்லாவற்றையும் அடித்துவிடலாம். முடிவைச் சில நொடி தாமதித்துக் காட்டுங்கள், அல்லது இங்கிலாந்தின் பிஸ்லி சுடுதள வழக்கப்படி இருவர் மாறி மாறிச் சுடட்டும்.

கே: குழி வேலையே ஒழிந்துவிடுமா?

ப: கிளப் நாட்களில் ஒழியட்டும். முட்டிவலி உள்ள மூத்தவர்களும் முழு நாளும் சுடலாம். பெரிய போட்டிகளில் மட்டும் குழிக்கு ஓரிருவரை அனுப்புங்கள். தாளைச் சரிபார்க்க ஆள் வேண்டும்.