பார்க்கப் போகும் வீட்டில் யார் இருக்கிறார்கள்?

கேள்வி: பழைய வீடுகளை வாங்கிப் பழுதுபார்த்து வாடகைக்கு விடுகிறேன். விளம்பரம் கொடுத்தவர்களின் வீடுகளுக்குப் பெரும்பாலும் தனியாகவே செல்கிறேன். அண்மையில் நான் உள்ளே நுழைந்ததும் வீட்டிலிருந்தவர் கதவைத் தாழிட்டார். விபரீதம் எதுவும் நிகழவில்லை என்றாலும் அச்சம் நீங்கவில்லை. நான் எப்படிக் கவனமாக இருப்பது?
– வாசகி, கோயம்புத்தூர்

பதில்: உங்கள் அச்சம் நியாயமானது, அதை ஒதுக்கிவிடாதீர்கள். 1986 ஜூலை 28 அன்று லண்டனில், வீட்டுத் தரகு நிறுவனத்தில் பணியாற்றிய சூசி லாம்ப்ளக் என்ற 25 வயதுப் பெண், வாடிக்கையாளருக்கு வீடு காட்டச் சென்றவர் திரும்பவேயில்லை. அவருடைய நாட்குறிப்பில் ‘மிஸ்டர் கிப்பர்’ என்ற பெயர் இருந்தது. அந்தப் பெயரில் வந்தவர் யார் என்பது இன்றுவரை உறுதியாகவில்லை. பெயரைக் குறித்துக்கொள்வது மட்டும் போதாது என்பதற்காகவே இதைச் சொல்கிறேன்.

தொலைபேசியில் பேசும்போதே பத்திர எண்ணையோ சர்வே எண்ணையோ கேட்டு வாங்கி, பதிவுத்துறை இணையதளத்தில், அந்தச் சொத்தின் பதிவான பரிமாற்றங்களைக் காட்டும் வில்லங்கச் சான்றைப் பார்த்து, அதிலுள்ள உரிமையாளரின் பெயரும் உங்களிடம் பேசியவரின் பெயரும் பொருந்துகின்றனவா என்று பாருங்கள். பொருந்தாவிட்டால், எந்த உரிமையில் விற்கிறார் என்று கேளுங்கள், மழுப்பினால் போகாதீர்கள்.

திருடர்களைவிட நான் அதிகம் அஞ்சுவது, வீடு விற்பனைக்கு வந்திருப்பதே தெரியாமல் அங்கே குடியிருப்பவர்களைத்தான். அண்ணன் விற்க முனைகிறார், பாகம் கேட்டுத் தம்பி உள்ளே இருக்கிறார் என்றால், அந்த வாசலில் நிற்கும் உங்கள் மீதுதான் தம்பியின் கோபம் முதலில் பாயும். பதிவாகாத பங்காளித் தகராறு வில்லங்கச் சான்றில் தெரியாது என்பதால், “இப்போது யார் குடியிருக்கிறார்கள், நான் வருவது அவர்களுக்குத் தெரியுமா?” என்று நேராகக் கேளுங்கள், முடிந்தால் முந்தைய நாளே அக்கம்பக்கத்திலும் விசாரியுங்கள்.

பகலில், மேஸ்திரியை உடன் அழைத்துச் செல்லுங்கள். விரிசலையும் அவர் பார்ப்பார், துணையாகவும் இருப்பார். சுவரில் ஈரம் பார்க்க வெளிச்சம் வேண்டும் என்று சொல்லி வாசற்கதவைத் திறந்தே வைக்கச் சொல்லுங்கள். யாரும் அதைத் தவறாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள். மாடிக்கும் உள்ளறைக்கும் வீட்டுக்காரரை முன்னே போகவிடுங்கள்.

முன்பணத்தை ரொக்கமாகக் கொண்டுவரச் சொன்னால் மறுத்துவிடுங்கள். அசையாச் சொத்துக்கு 20,000 ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாகப் பெறுவதை வருமான வரிச் சட்டமே தடை செய்கிறது. கிளம்பும் முன் வாட்ஸ்அப்பில் லைவ் லொகேஷனை வீட்டாருக்கு அனுப்பி, இத்தனை மணிக்குள் நான் பேசாவிட்டால் நீங்கள் அழையுங்கள், நான் எடுக்காவிட்டால் 112-க்குச் சொல்லுங்கள் என்று பேசி வையுங்கள்.