பழைய லாங்-ஈஸீயை வாங்கலாமா, கராஜில் புதிதாகக் கட்டலாமா?

கேள்வி: டெக்சாஸில் ஐ.டி. வேலையில் இருக்கிறேன். பைலட் உரிமம் எடுத்து இரண்டு வருடம் ஆகிறது. இதுவரை ஓட்டியது செஸ்னா 172 மட்டும்தான். முன்னால் குட்டி இறக்கையும் பின்னால் புரொப்பல்லரும் வைத்த கனார்ட் விமானங்கள் மீது தீராத ஆசை. பக்கத்து ஊர் ஹேங்கரில் 1986இல் ஒருவர் கட்டிய லாங்-ஈஸீ விலைக்கு வந்திருக்கிறது. அதை வாங்கலாமா, இல்லை வீட்டு கராஜில் நானே கோஸி என்ற இன்னொரு கனார்ட் விமானத்தைக் கட்டலாமா? பராமரிப்பை நானே பார்த்துக்கொள்ள முடியுமா? மனைவியையும் எட்டு வயது மகளையும் கூட்டிக்கொண்டு பறக்க வேண்டும்.

பதில்: உங்கள் கடைசி வரியிலேயே பாதி விடை இருக்கிறது. லாங்-ஈஸீயில் இரண்டே இருக்கைகள், ஒன்றன்பின் ஒன்றாக. மூன்று பேர் போக வேண்டுமென்றால் அது உங்கள் விமானம் இல்லை. வாரக்கடைசியில் மனைவி அல்லது மகள், யாராவது ஒருவரோடு போனால் போதும் என்று மனது மாறினால் மட்டும் அந்த ஹேங்கருக்குப் போங்கள். மூவரும் போகத்தான் வேண்டும் என்றால் கோஸி மார்க் ஃபோர், அல்லது வெலாசிட்டி என்ற கனார்ட், இந்த இரண்டில் ஒன்று. கோஸியில் நான்கு இருக்கை என்று சொல்வார்கள். இரண்டு பெரியவர்கள், இரண்டு குழந்தைகள் என்று கணக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

இந்த விமானங்களின் குலமுதல்வர் பர்ட் ரூட்டன். கலிஃபோர்னியாவின் மொஹாவியில் அவர் வடிவமைத்த வேரி-ஈஸீ 1975இல் பறந்தது, லாங்-ஈஸீ 1979இல். அவர் விற்றது விமானத்தை அல்ல, வரைபடங்களையும் செய்முறையையும்தான். அந்த விற்பனையையும் 1985இல் நிறுத்திவிட்டார். லாங்-ஈஸீயை அகலப்படுத்தி, பக்கத்தில் பக்கத்தில் உட்காரும்படி நாட் பஃபர் செய்ததுதான் கோஸி. வரைபடத்தை வைத்து ஆளாளுக்குக் கட்டியதால், ஒரே பெயரில் பறக்கும் இரண்டு லாங்-ஈஸீக்கள் ஒரே விமானம் அல்ல. செஸ்னா வாங்கும்போது தொழிற்சாலையை நம்பி வாங்குகிறீர்கள். இங்கே, என்றோ ஒரு கராஜில் முன்பின் தெரியாத ஒருவர் செய்த கைவேலையை நம்பி வாங்குகிறீர்கள். அந்த வேலையின் தரம் பெயின்ட்டுக்கு அடியில் மறைந்திருக்கிறது. உங்கள் சோதனை முழுக்க அதைக் கண்டுபிடிக்கத்தான்.

அப்படியானால் எங்கே பார்ப்பது? முதலில் காகிதங்களை. கட்டியவர் எடுத்த படங்கள், நாள்வாரிக் குறிப்பு, எடைச் சமநிலைக் கணக்கு, அமெரிக்க விமானத் துறை ஆணையமான எஃப்.ஏ.ஏ. கொடுத்த இயக்க வரம்பு ஆவணம். கடைசியாகச் சொன்னது இல்லாவிட்டால் அந்த விமானத்தைச் சட்டப்படி பறக்க விட முடியாது. பல விற்பனைகளில் அதைத்தான் தேடிக்கொண்டிருப்பார்கள். ரூட்டன் நிறுவனம் பல வருடம் வெளியிட்ட செய்தி மடல்களில் கட்டாயத் திருத்தங்கள் நிறைய வந்தன. அவை ஒவ்வொன்றும் இந்த விமானத்தில் செய்யப்பட்டிருக்கிறதா என்று பட்டியல் போட்டுப் பாருங்கள்.

அடுத்தது எடை. லாங்-ஈஸீயின் அதிகபட்ச எடை 1,325 பவுண்ட் என்பது வடிவமைப்புக் கணக்கு. வெற்று எடை 750க்குள் இருக்க வேண்டும் என்று நினைத்து வரைந்தார்கள். நிஜத்தில் 850, 900 என்று தராசு காட்டுவது சகஜம். கொஞ்சம் கூடினால் பரவாயில்லை. ஆனால் காரணம் கேளுங்கள். பெரிய எஞ்சினா, கூடுதல் கருவிகளா, அல்லது ஃபோமின் மேல் கண்ணாடித் துணியை ஒட்டும் பிசினான எபாக்ஸியைத் தாராளமாக ஊற்றிவிட்டாரா? எபாக்ஸி அளவுக்கு மீறினால் எடைதான் கூடும், பலம் கூடாது. விற்பவர் சொல்லும் எண்ணை அப்படியே எடுத்துக்கொள்ளாமல், மூன்று தராசு வைத்து உங்கள் கண்முன் எடை போடச் சொல்லுங்கள்.

எடையைவிட முக்கியம், சி.ஜி. என்று எல்லோரும் சொல்கிற எடை மையம். கனார்ட் விமானம் ஸ்டால் ஆகாது, அதாவது அதன் இறக்கை திடீரென்று தூக்கலை இழக்காது என்று கேள்விப்பட்டிருப்பீர்கள். அது நிபந்தனையுள்ள உண்மை. முன்சிறகு, அதாவது முன்னால் இருக்கும் குட்டி இறக்கை, பிரதான இறக்கைக்கு முன்பே ஸ்டால் ஆகும்படி அமைக்கப்பட்டிருக்கிறது. குச்சியை முழுக்க இழுத்துப் பிடித்தால் முன்சிறகு தூக்கலை இழக்கும், மூக்கு தானாகக் கொஞ்சம் இறங்கும், வேகம் கூடியதும் மறுபடி எழும். மூக்கு இப்படித் தலையாட்டிக்கொண்டிருக்குமே தவிர, பிரதான இறக்கை ஸ்டால் ஆகாது. எடை மையம் அனுமதித்ததற்குப் பின்னால் போய்விட்டால் முன்சிறகின் மேல் சுமை குறைகிறது. அப்போது பிரதான இறக்கை முதலில் ஸ்டால் ஆகலாம். அதிலிருந்து மீள்வது மிகக் கடினம். கோஸியில் ஒல்லியான ஆள் தனியாகப் பறந்தால், எஞ்சின் பின்னால் இருப்பதால் மையம் பின்னுக்கு நகரும். அதற்காக மூக்கில் ஈயக்கட்டி வைத்துப் பறப்பவர்கள் நிறைய. மனைவியும் மகளும் இறங்கிய பிறகு நீங்கள் மட்டும் திரும்பி வரும் பயணத்துக்குத்தான் முதலில் கணக்குப் போட வேண்டும்.

1980களின் லாங்-ஈஸீ என்பதால் கட்டாயம் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று: முன்சிறகு எந்த வகை? ஆரம்பத்தில் கட்டியவற்றில் ஜி.யு. என்ற வடிவம் இருந்தது. மழைத் துளியும் பூச்சியும் படிந்தால் அதன் தூக்கல் குறையும், மூக்கு இறங்கப் பார்க்கும். பிற்பாடு ஜான் ராங்ஸ் வடிவமைத்த முன்சிறகு அந்தக் குறையைத் தீர்த்தது. ஜி.யு. இருந்தால் வாங்கவே கூடாது என்பதில்லை. மழையில் புறப்பட மாட்டேன் என்ற கட்டுப்பாடு வேண்டும், விலையும் அதற்கேற்பக் குறைய வேண்டும்.

கட்டியவர் தன் இஷ்டத்துக்குச் செய்த மாற்றங்கள் என்னென்ன என்று எழுதி வாங்குங்கள். பாடகர் ஜான் டென்வர் 1997 அக்டோபரில் கலிஃபோர்னியாவின் மான்டரே அருகே இறந்தது இரண்டாம் கையாக வாங்கிய லாங்-ஈஸீயில்தான். எரிபொருள் டாங்க் மாற்றும் வால்வை வரைபடத்தில் இருந்தபடி முன்னால் வைக்காமல், கட்டியவர் பைலட்டின் இடது தோளுக்குப் பின்னால் வைத்திருந்தார். கைப்பிடியில் எந்த டாங்க் என்ற குறியும் இல்லை, எரிபொருள் அளவுமானியிலும் அளவுக் கோடுகள் இல்லை. டாங்க் மாற்றத் திரும்பும்போது விமானத்தைப் பக்கவாட்டில் திருப்பும் ரட்டர் மிதியைத் தெரியாமல் அழுத்தியிருக்கலாம் என்பது, அமெரிக்க விபத்து விசாரணை அமைப்பான என்.டி.எஸ்.பி.யின் முடிவு. இந்த வகை விமானத்தில் அவருக்குப் போதிய பயிற்சி இல்லை என்பதையும் அறிக்கை சுட்டியது. நீங்கள் பார்க்கப்போகும் விமானத்தில் இருக்கையில் உட்கார்ந்து பெல்ட்டை இறுக்கிக் கட்டுங்கள். கண்ணை மூடிக்கொண்டு வால்வு, த்ராட்டில், தலைக்கு மேலுள்ள கண்ணாடி மூடியான கேனபியின் பூட்டு ஒவ்வொன்றையும் தொட்டுப் பாருங்கள். எதற்காவது உடம்பைத் திருப்ப வேண்டியிருந்தால் வாங்குவதற்கு முன்பே அதை மாற்றும் செலவைச் சேர்த்துக்கொள்ளுங்கள். கேனபிக்கு இரண்டாவது பாதுகாப்புக் கொக்கி இருக்கிறதா என்றும் பாருங்கள். அது பறக்கும்போது திறந்துகொண்டு நடந்த விபத்துகள் உண்டு.

இப்போது விமானத்தின் உடம்புக்கு வருவோம். ஒரு காசை எடுத்து இறக்கை முழுக்க மெதுவாகத் தட்டிக்கொண்டே போங்கள். நல்ல இடத்தில் ஒரே மாதிரிக் கணீரென்ற ஓசை வரும். மேல்தோல் ஃபோமிலிருந்து பிரிந்திருந்தால் ஓசை சப்பென்று மாறும். உடம்பும் இறக்கையும் சேரும் இடத்தில் எரிபொருள் டாங்க் இருக்கிறது. அங்கே கொப்புளம், நிறமாற்றம், காக்பிட்டில் பெட்ரோல் வாடை மூன்றையும் தேடுங்கள். இறக்கைக்குள் இருக்கும் நீல ஃபோம் பாலிஸ்டைரீன். அது பெட்ரோலில் கரைந்துவிடும். ஒரு ஊசித் துளை வழியாகக் கசிந்தாலும் வெளித்தோல் அப்படியே இருக்க, உள்ளே பள்ளம் விழுந்திருக்கும். விமானம் வெள்ளையாகவே இருக்க வேண்டும். அடர் நிறம் வெயிலில் சூடேறி எபாக்ஸியை இளக்கும். டெக்சாஸ் வெயிலில் கறுப்புக் கோடு போட்ட இறக்கையைப் பார்த்தால் நான் திரும்பிவிடுவேன். வேரி-ஈஸீ ஏதாவது கண்ணில் பட்டால் இறக்கை மாட்டும் அலுமினிய இணைப்புகளில் அரிப்பு உண்டா என்று பார்த்தே ஆக வேண்டும். அது அந்த மாடலின் தெரிந்த நோய்.

எஞ்சினில் ஓடிய மணி நேரத்தை மட்டும் பார்க்காதீர்கள். வருடத்துக்குப் பத்து மணி நேரம் பறந்த லைகமிங் எஞ்சின், நூறு மணி நேரம் பறந்ததைவிட மோசமாக இருக்கலாம். அதில் வால்வுகளை இயக்கும் கேம்ஷாஃப்ட் மேலே இருக்கிறது, நிறுத்தி வைத்தால் எண்ணெய் வடிந்து துரு பிடிக்கும்.

சரி, கட்டுவது பற்றி. கோஸியை முழுக்க வரைபடத்திலிருந்து கட்ட 2,000 மணி நேரத்துக்கு மேல் ஆகும் என்று வைத்துக்கொள்ளுங்கள். வேலைக்குப் போய்க்கொண்டு, குழந்தையையும் பார்த்துக்கொண்டு செய்தால் அது வருடக் கணக்கு. மகள் கல்லூரிக்குப் போகும் வயதில் முதல் பயணம் போகலாம்! பறக்க ஆசைப்படுபவர் பறக்கிற விமானத்தை வாங்க வேண்டும். கட்டுவதில் ஆசை இருப்பவர் மட்டும் கட்ட வேண்டும். உங்களுக்கு எது என்று தெரிய ஒரு சின்னப் பரீட்சை உண்டு. கொஞ்சம் ஃபோம், கண்ணாடித் துணி, எபாக்ஸி வாங்கி ஒரு அடி நீளத் துண்டு ஒன்று செய்து பாருங்கள். ஃபோமின் மேல் முதலில் எபாக்ஸியில் நுண் கண்ணாடி உருண்டைகளைக் கலந்து மோர்ப் பதத்தில் தடவ வேண்டும். அதன்மேல் துணியை விரித்து, ரப்பர் தகட்டால் எபாக்ஸியை ஓட்டி, மிச்சத்தை வழித்தெடுக்க வேண்டும். வெள்ளைப் புள்ளி தெரிந்தால் காற்று மாட்டியிருக்கிறது. மேலே பளபளவென்று குளமாக நின்றால் எபாக்ஸி அதிகம். சில மணி நேரம் கழித்து, தோல் மாதிரி வளைகிற பக்குவத்தில் ஓரத்துத் துணியைப் பிளேடால் நறுக்கிவிட வேண்டும். அந்த நேரத்தைத் தவறவிட்டால் மறுநாள் ரம்பம்தான். இந்த ஒரு அடித் துண்டைச் செய்து முடித்த பிறகும் இன்னொன்று செய்யக் கை பரபரத்தால் நீங்கள் கட்டுகிற ஜாதி.

எபாக்ஸியில் வெறும் கை வைக்காதீர்கள். ஒவ்வாமை ஒருமுறை வந்தால் பிறகு அந்த அறைக்குள் நுழையவே முடியாது. நீல ஃபோமைச் சூடேற்றிய கம்பியால் அறுக்கலாம். யூரித்தேன் ஃபோமை ஒருபோதும் அப்படி அறுக்கக் கூடாது, நச்சுப் புகை வரும். அதைக் கத்தியாலும் உப்புத்தாளாலும்தான் வடிவமைக்க வேண்டும்.

இரண்டுக்கும் நடுவில் ஒரு வழி இருக்கிறது: யாரோ பாதியில் விட்ட கோஸி. எனக்குப் பிடித்த வழி இதுதான், பெயின்ட் அடிக்காததாக இருந்தால். ஃபைபர்கிளாஸ் ஒளி ஊடுருவக்கூடியது. விளக்கைச் சாய்த்துப் பிடித்தால் ஒவ்வொரு காற்றுக் குமிழும் தெரியும், கட்டியவரின் கை எப்படி என்று அரை மணியில் புரிந்துவிடும். ஆனால் பெயின்ட் இல்லாத அந்தத் தோல் வெயிலில் கிடந்திருக்கக் கூடாது. முந்தையவரின் படங்களும் குறிப்பும் கூடவே வர வேண்டும். வேலையில் பாதிக்கு மேல், 51 சதவீதம், அமெச்சூர்கள் கையால் நடந்தது என்று எஃப்.ஏ.ஏ.விடம் காட்ட அவைதான் ஆதாரம்.

பராமரிப்பை நீங்களே செய்யலாமா? இதில் பெரும்பாலானவர்கள் பாதியை மட்டும் தெரிந்து வைத்திருக்கிறார்கள். அமெரிக்காவில் இந்த வகை விமானத்தில் எண்ணெய் மாற்றுவது முதல் எஞ்சினைக் கழற்றுவது வரை யார் வேண்டுமானாலும் செய்யலாம். ஆனால் 12 மாதத்துக்கு ஒருமுறை நடக்கும் ஆய்வில் கையெழுத்துப் போட, பொதுவாகக் கட்டியவருக்குக் கிடைக்கும் ரிப்பேர்மேன் சான்றிதழ் வேண்டும், அல்லது ஏ அண்ட் பி என்ற எஃப்.ஏ.ஏ. சான்றிதழ் பெற்ற மெக்கானிக் வேண்டும். அந்தச் சான்றிதழ் கட்டியவருக்குச் சொந்தம், விமானத்தோடு உங்களுக்கு வராது. ஃபைபர்கிளாஸ் விமானம் என்றதும் கையெடுத்துக் கும்பிட்டு அனுப்பிவிடும் மெக்கானிக்குகள் உண்டு. எனவே முன்பணம் கொடுப்பதற்கு முன்பே, கையெழுத்துப் போடச் சம்மதிக்கும் ஒருவரைப் பிடித்து வையுங்கள். அவரையே வாங்குவதற்கு முந்தைய சோதனைக்கும் கூட்டிப் போங்கள்.

அன்றாடப் பராமரிப்பில் செஸ்னா பழக்கம் காலை வாரிவிடும் இடம் பின்பக்கம்தான். எஞ்சினிலிருந்தோ டாங்க் மூடியிலிருந்தோ எது கழன்றாலும் நேராகப் புரொப்பல்லருக்குள் போகும். எரிபொருள் மூடிக்குச் சங்கிலி போட்டுக் கட்டியிருக்க வேண்டும். எக்சாஸ்ட் குழாயில் விரிசல், தளர்ந்த நட்டு, பூட்டுக் கம்பி இல்லாத போல்ட் எல்லாவற்றையும் ஒவ்வொரு முறை எஞ்சின் மூடியான கவுலிங்கைத் திறக்கும்போதும் பாருங்கள். மரப் புரொப்பல்லர் என்றால் ஈரப்பதம் மாறும்போது மரம் சுருங்கும், போல்ட் தளரும். மழைக்காலம் முடிந்து வறட்சி தொடங்கும்போது இறுக்கத்தை அளக்கும் டார்க் ரெஞ்சை எடுத்துச் சரிபாருங்கள். கழற்றிய மையப் பகுதியில் கருகிய தடம் இருந்தால் அது ஆடிக்கொண்டிருந்திருக்கிறது.

தரையில் திருப்புவது பிரேக்கால் மட்டுமே. தரையில் நீண்ட தூரம் ஓட்டினால் பிரேக் கொதிக்கும், அந்தச் சூடு சக்கரங்களைத் தாங்கும் ஃபைபர்கிளாஸ் கால்களை இளக்கும். வெப்பத் தடுப்பு சுற்றியிருக்கிறதா பாருங்கள். இறங்கியதும் மூக்குச் சக்கரத்தை மடக்கி மூக்கைத் தரையில் வைத்துத்தான் லாங்-ஈஸீயை நிறுத்துவார்கள். இல்லாவிட்டால், ஆள் இறங்கியதும் எஞ்சின் பாரத்தில் அது பின்னால் சாய்ந்துவிடும். கோஸி ஓட்டுபவர்களுக்கும் அந்தக் கவனம் வேண்டும். மெதுவாக இறங்க உதவும் ஃப்ளாப் கிடையாது, இறங்கும் வேகம் அதிகம், நீளமான தார் ரன்வே வேண்டும். புல் ஓடுபாதையையும் சரளைக்கல்லையும் மறந்துவிடுங்கள். எத்தனால் கலந்த கார் பெட்ரோலும் வேண்டாம், பழைய எபாக்ஸி டாங்குகளை அது அரிக்கக்கூடும்.

காசோலை எழுதுவதற்கு முன், கென்டக்கியில் ரஃப் ரிவர் அணைப் பூங்காவில் கனார்ட் உரிமையாளர்கள் கூடும் சந்திப்புக்கு ஒருமுறை போய்வாருங்கள். லாங்-ஈஸீ, கோஸி, வெலாசிட்டி எல்லாம் வரிசையாக நிற்கும். மனைவியையும் கூட்டிப் போய் கோஸியின் பின்னிருக்கையில் உட்கார வையுங்கள். தலை இடிக்கிறதா என்பதை அவர் சொல்லட்டும். பிறகு காப்பீட்டு நிறுவனத்தை அழைத்து, எத்தனை மணி நேரம் கனார்ட் பயிற்சி கேட்பார்கள், அந்தப் பயிற்சியை யாரிடம் எடுத்தால் ஏற்பார்கள் என்று விசாரியுங்கள். அப்புறம் விலை பேசுங்கள்.